இன்ஃபினிட்டி சாரும் சிரிக்காத சிஸ்டரும்

டெல்லியைப் பற்றிப் புகார் சொல்லாத தமிழர் கிடையாது. வெயில் என்பார்கள், குளிர் என்பார்கள், நல்ல முருங்கைக்காய் இல்லை என்பார்கள். ஆனால் ‘இந்த ஊர்ல இன்ஃபினிட்டி கிடைக்க மாட்டேங்குது’ என்று புகார் சொன்ன மனிதர் இந்தத் தலைநகரின் சரித்திரத்திலேயே ஒருவர்தான். அவர் மயூர் விஹாரில், எங்கள் அபார்ட்மென்டில், என் தலைக்கு நேர் மேலே மூன்றாவது மாடியில் வசிக்கிறார். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. கீழே லெட்டர் பாக்ஸில் ஒட்டியிருக்கிறது, யாரும் படிப்பதில்லை. குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் இன்ஃபினிட்டி சார். கேட்டில் உட்கார்ந்திருக்கும் பீகார் வாட்ச்மேனுக்கு இன்ஃபினிட்டி சாஹப்.

விஷயம் இதுதான். அவரிடம் பழைய ரஷ்யக் கேமரா ஒன்று இருக்கிறது. ஃபிலிம் போடுகிற ரகம், தூக்கினால் அம்மிக்குழவி கனம். அதில் கண்ணை வைத்துப் பார்த்தால் நடுவில் மஞ்சளாகச் சின்னக் கட்டம் ஒன்று தெரியும். அந்தக் கட்டத்துக்குள் மட்டும் உலகம் இரண்டிரண்டாக இருக்கும். எதிரே நிற்பவருக்கு இரண்டு மூக்கு. லென்ஸ் வளையத்தைத் திருகத் திருக இரண்டு மூக்கும் மெதுவாக நகர்ந்து வந்து ஒன்றாகும். ஒன்றானால் படம் தெளிவாக விழும் என்று அர்த்தம். ஆனால் உள்ளே இருக்கிற ஒரு திருகாணி மயிரிழை பிசகியிருந்தால் போச்சு. கட்டத்தில் மூக்கு ஒன்றாகிவிடும், படத்தில் மூக்கு மங்கிப்போய்ப் பின்னால் இருக்கிற காது துல்லியமாக விழும். சார் அந்த மயிரிழையைத் தேடியே பாதி ஆயுளைச் செலவழித்தவர். படம் எடுப்பது அவர் நோக்கமே இல்லை. எடுத்தால் சரியாக விழுமா என்று பார்ப்பதுதான் நோக்கம்.

அந்த வளையத்தில் மீட்டர் கணக்கு வரிசையாகப் போட்டிருக்கும். கடைசியில் ஓர் எட்டு படுத்துக் கிடக்கும். அதுதான் இன்ஃபினிட்டி, அதாவது வெகு தூரம். வளையத்தை அங்கே நிறுத்திவிட்டு வெகு தூரத்தில் இருக்கிற ஏதாவது ஒன்றைப் பார்க்க வேண்டும். அது கட்டத்துக்குள் ஒன்றாகத் தெரிந்தால் கேமரா சரி, இரண்டாகத் தெரிந்தால் திருகாணியைத் திருப்ப வேண்டும். எளிய பரீட்சைதான். ஆனால் அதற்கு வெகு தூரத்தில் ஏதாவது தெரிய வேண்டுமே. டெல்லியில், அதுவும் பனிக்காலத்தில், வெகு தூரத்துக்கு நாங்கள் எங்கே போவது?

நான் முதன்முதலாக அவரிடம் மாட்டியது அப்படி ஒரு காலையில்தான். மெட்ரோ பிடிக்க ஓடிக்கொண்டிருந்தேன்.

“தம்பி, ஒரு நிமிசம். மொட்டை மாடிக்கு வாரியளா?”

“ஆபீஸுக்கு லேட் ஆகுது சார்.”

“ஆபீஸ் எங்க போயிரப் போவுது. தூரத்துல ஏதாச்சும் கட்டடம் தெரியுதான்னு மட்டும் பாத்துச் சொல்லிட்டுப் போங்க. எனக்குத்தான் கண்ணு தெரியலையா, இல்ல கட்டடமே இல்லையான்னு ஒரு சந்தேகம்.”

மேலே போனேன். வெள்ளை. எதிர் பிளாக்கே ஊகமாகத்தான் நின்றது. அதன் பால்கனிகளில் யாரோ காயப்போட்ட சேலைகள், சுவரில்லாமல் தனியாக அந்தரத்தில் தொங்கின. மெட்ரோ போகிற சத்தம் மட்டும் வந்தது, ரயில் வரவில்லை. எங்கோ ஒரு காய்கறி வண்டிக்காரர் “ஆலூ, பியாஸ்” என்று கூவிக்கொண்டே போனார், அவருக்கும் உடம்பு கிடையாது, குரல் மட்டும்தான். யமுனைக்கு அந்தப் பக்கம் ஒரு நகரமே இருக்கிறது என்பது யாரோ கிளப்பிவிட்ட வதந்தி போல இருந்தது. அந்த வெண்மையின் நடுவில் குல்லா, மஃப்ளர், ஸ்வெட்டர், அதன் மேல் இன்னொரு ஸ்வெட்டர் சகிதம் சார் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு நின்றார்.

“ஒண்ணும் தெரியல சார்.”

“நெனச்சேன்,” என்றார் நிம்மதியாக. “அப்ப கண்ணு நல்லாத்தான் இருக்கு.”

அபார்ட்மென்ட் வாட்ஸாப் குழுவில் மற்றவர்கள் எல்லாம் காற்றின் நஞ்சு எவ்வளவு, குழந்தைக்கு எந்த மாஸ்க் போடலாம் என்று கவலைப்பட்டுக்கொண்டிருப்பார்கள். சார் தினமும் காலையில் ஒரே ஒரு வரி போடுவார்: ‘இன்றும் இன்ஃபினிட்டி இல்லை.’ பெயர் வந்தது அப்படித்தான்.

கிட்டத்து ஃபோகஸைப் பார்ப்பதற்கு அவர் வேறு வழி வைத்திருந்தார். சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய் பாட்டில்களைச் சாய்வாக, ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக நிற்கவைத்து, நடுவில் இருக்கிற எலுமிச்சைக்கு ஃபோகஸ் வைத்துப் படம் எடுப்பார். கழுவி வந்த படத்தில் எலுமிச்சை தெளிவாக இருந்தால் கேமரா யோக்கியம். மாங்காய் தெளிவாக இருந்தால் திருகாணி. இதோடு நின்றிருந்தால் ஊருக்கு நல்லது. ஒரு வருஷம் எங்கள் குடியிருப்புத் தமிழர்கள் பொங்கல் கொண்டாட்டத்துக்கு எல்லோரையும் கூப்பிட்டார்கள். குரூப் ஃபோட்டோ எடுக்கும் பொறுப்பை, தெரிந்தே, சாரிடம் கொடுத்தார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பது இதுதான்.

சார் எங்களை ஊறுகாய் பாட்டில்களாக்கினார். ஒருவருக்குப் பின்னால் ஒருவர், ஓர் அடி இடைவெளியில், சாய்வாக நிற்கவைத்தார். டேப் பிடித்து அளந்தார். முதல் ஆளாக சொசைட்டி தலைவர், பஞ்சாபிக்காரர், புது கோட் போட்டுக்கொண்டு நின்றார். நடுவில் ஓர் ஆள் குறைந்தது. துணி கொடுக்க வந்த இஸ்திரிக்காரரைப் பிடித்து நிறுத்தி அவருக்கு ஃபோகஸ் வைத்தார். இரண்டு வாரம் கழித்துப் படம் வந்தது. அன்றைக்குக் கேமரா நூற்றுக்கு நூறு யோக்கியம். இஸ்திரிக்காரர் மீசையின் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. மற்ற நாங்கள் எல்லோரும் ஆவிகள். தலைவர் படத்தைத் தள்ளிப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்துவிட்டு, “மேரா ஃபோட்டோ கஹான் ஹை, பாய் சாஹப்?” என்று தன் முகத்தைத் தேடிக் கேட்டார். சார் கோட் நிறத்தில் இருந்த ஒரு கலங்கலை விரலால் காட்டினார். இஸ்திரிக்காரருக்கு அந்தப் படத்தை ஊருக்கு அனுப்பித்தான் கல்யாணமே நிச்சயமானது. தலைவர் அதற்குப் பிறகு சாரோடு லிஃப்டில் ஏறுவதில்லை.

ஆனால் இந்த ஊறுகாய் பாட்டில் உத்தியோகத்தில் எங்களுக்கெல்லாம் சீனியர் ஒருவர் உண்டு. சாரின் மனைவி சிஸ்டர். பிலோமினா என்று பெயர், அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ரிட்டயர் ஆனவர். இருவருக்கும் தூத்துக்குடிப் பக்கம். மகன் ஆஸ்திரேலியாவில். கல்யாணமான நாளிலிருந்து சார் சிஸ்டரின் கண் ஓரத்துக்கும் கேமராவுக்கும் நடுவே டேப் பிடித்து வருகிறார். டேப்பின் நுனியைக் கன்னத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மோவாயைத் தூக்கி, மூச்சை நிறுத்தி நிற்பது சிஸ்டருக்குப் பழகிவிட்டது. சிரிக்கக் கூடாது என்பது முதல் விதி.

“சிரிக்காதட்டீ, கன்னம் முன்னால வருது.”

“எம்புட்டு வந்துரும்?”

“அரை இஞ்ச் வருதுல்லா. அரை இஞ்ச்ல எல்லாம் போச்சு.”

அவர்கள் வீட்டு ஆல்பத்தை ஒருமுறை பார்த்தேன். சிம்லா, ஆக்ரா, ஹரித்வார். எல்லா ஊரிலும் சிஸ்டர் எக்ஸ்ரேவுக்கு நிற்பவர் போல நிற்கிறார், எல்லா ஊரிலும் மங்கலாக நிற்கிறார். கிட்டத்தைச் சரிசெய்தால் தூரம் கெடும், தூரத்தைச் சரிசெய்தால் கிட்டம் கெடும், அந்தக் கேமராவின் ஜாதகம் அப்படி. ஆக்ராவில் சிஸ்டரும் மங்கல், தாஜ்மஹாலும் மங்கல். நடுவில் குறுக்கே போன யாரோ ஒரு அம்மாளின் கைப்பை மட்டும் ஜிப் உட்படத் துல்லியம்.

போன பனிக்காலத்தில் ஒருநாள் சிஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்து டீ குடித்துக்கொண்டே, கறிவேப்பிலை வாடிப்போனதைச் சொல்லுகிற தொனியில் சொன்னார்.

“வாற வெள்ளிக்கிழமை எனக்கு ஆபரேசன் தம்பி. காதுக்குக் கீழ ஒரு கட்டி. கெட்ட கட்டி இல்ல, ஆனா எடுத்துரணும். மொகத்துக்குப் போற நரம்பு அதுக்குள்ள கூடித்தான் போவுது. அது இழுபட்டுச்சுன்னா ஒரு பக்கம் வாய் எழும்பாது. கொஞ்ச நாளைக்கோ, மொத்தமாவோ, சொல்ல முடியாதாம். நானே எத்தனை பேருக்குப் பாத்திருக்கேன்.”

என் மனைவி சிஸ்டரின் டம்ளரில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினாள். சிஸ்டர் தொடர்ந்தார். “அதுக்கு முன்னால ஒரு படம் வேணும். சிரிச்ச மாதிரி. பாத்தா நான்னு தெரியணும்.”

“இப்பவே எடுக்கறேன் சிஸ்டர்,” என்று போனைத் தேடினேன்.

“போன்ல ஆயிரம் கெடக்கு தம்பி. அவிய எடுத்து ஒண்ணு கூட இல்லேல்லா.”

சாரிடமும் சொல்லியாயிற்றாம். ‘அதுக்கென்ன எடுத்துருவோம், மொதல்ல ஃபோகஸ் சரியா இருக்கான்னு பாத்துருதேன்’ என்றாராம். ‘பாருங்க, ஆனா வெள்ளிக்கிழமைக்கு முன்னால பாருங்க’ என்று சிஸ்டர் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

அந்த வாரம் முழுவதும் பனி எங்கள் குடியிருப்பைப் பஞ்சு வைத்து மூட்டை கட்டிவிட்டது. சார் மொட்டை மாடியிலேயே குடியேறினார். வாட்ச்மேன் ஃபிளாஸ்கில் டீ கொண்டுபோனார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒருநாள் மேலே ஏறிப் போய்க் கேட்டேவிட்டேன்.

“சார், சிஸ்டர் நிக்கப்போறது உங்களுக்கு நாலடி தள்ளி. அதுக்கு எதுக்கு சார் இன்ஃபினிட்டி? எடுத்துத் தொலைங்களேன்.”

“தூரம் தப்பா இருந்தா கிட்டத்த எப்படித் தம்பி நம்ப?” என்றார். பிறகு வெண்மையைப் பார்த்துக்கொண்டே, “இது ஒரு தடவதான் கெடைக்கும். பெறவு அந்தச் சிரிப்புக்கு நான் எங்க போவேன்?” என்றார். மஃப்ளர் நுனியால் லென்ஸைத் துடைத்தார். நான் பக்கத்தில் நின்று அவரோடு சேர்ந்து ஒன்றுமில்லாததைப் பார்த்தேன்.

புதன்கிழமை மத்தியானம் காற்று அடித்தது, மழை பெய்தது. வியாழக்கிழமை காலை, எங்கள் கதவு உடைகிற மாதிரித் தட்டல்.

“தம்பி, வந்துட்டு. ஜல்தி வாங்க.”

மாடியில் நின்றால் டெல்லி இருந்தது. நிஜமாகவே இருந்தது. யமுனைக்கு மேல் ரயில் ஊர்ந்துபோவது தெரிந்தது. அதற்கு அப்பால் கோபுரங்கள், அதற்கும் அப்பால் பெயர் தெரியாத நீலக் கட்டடங்கள். சார் ஒரு தூரத்து டவரைப் பிடித்துக் கட்டத்துக்குள் போட்டார். நகத்தளவு திருப்புளியால் திருகினார். “ஒண்ணாயிட்டு” என்றார், ரகசியம் போல.

பிறகு கேமராவின் முதுகைக் கழற்றி, ஃபிலிம் ஓடுகிற இடத்தில் ட்ரேசிங் பேப்பர் துண்டு ஒன்றை ஒட்டினார். லென்ஸுக்குப் பின்னால் இருக்கிற ஷட்டர் திறந்தபடியே நிற்க ஏற்பாடு செய்து, தலையோடு ஒரு கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு பூதக்கண்ணாடியால் பார்த்தார். லென்ஸ் காட்டுவதும் மஞ்சள் கட்டம் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற கடைசிப் பரீட்சை அது. “நீங்களும் பாருங்க” என்று என்னைச் சால்வைக்குள் இழுத்தார்.

தபால்தலையைவிடச் சற்றுப் பெரிய காகிதத்தில் எங்கள் மொட்டை மாடி தலைகீழாகத் தொங்கியது. தண்ணீர்த் தொட்டி மேலே, வானம் கீழே. வேப்பமரம் ஆகாயத்திலிருந்து பூமிக்கு வளர்ந்திருந்தது. ஒரு புறா முதுகால் பறந்தது. கொடியில் துணி காயப்போடும் சிஸ்டர், தலைகீழாக, தொட்டால் கலைந்துவிடுகிற மாதிரி, ஒரு ஈரத் துண்டை மெதுவாக உதறினார். அதிலிருந்து துளிகள் மேல்நோக்கிப் போயின. இந்த மனுஷர் இத்தனை வருஷமாகத் தனியாகச் சால்வைக்குள் இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. வெளியே வர மனமில்லை. அவர்தான் என் காலரைப் பிடித்து வெளியே இழுத்தார்.

புது ஃபிலிம் போட்டார். சாயங்காலம் சிஸ்டர் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆக வேண்டும். பச்சைக் காட்டன் சேலை கட்டி, வெயிலில் வந்து நின்றார். நின்றதுமே மோவாய் தானாக உயர்ந்தது, மூச்சு நின்றது, டேப் நுனிக்காகக் கை கன்னத்துக்குப் போனது.

“சிரிட்டீ,” என்றார் சார்.

சிஸ்டர் முயன்றார். பல் டாக்டரிடம் கடைவாய்ப் பல்லைக் காட்டுவது போல இருந்தது.

“அப்படி இல்ல. நெசமா சிரி.”

“வர மாட்டேங்குதே. சிரிக்காத சிரிக்காதன்னு சொல்லிப் பழக்கி வச்சுட்டு, இப்பச் சிரின்னா?”

நான் எனக்குத் தெரிந்த ஒரே ஜோக்கைச் சொன்னேன். சிஸ்டர் அனுதாபத்தோடு என்னைப் பார்த்தார். என் மனைவியும் ஒன்று சொன்னாள், பலனில்லை. வாட்ச்மேன், சார் நடக்கிற மாதிரி நடந்து காட்டினார். எங்களுக்குச் சிரிப்பு வந்தது, சிஸ்டருக்கு வரவில்லை. அவர் முகம் வேறு எங்கோ, நாளைய ஆபரேஷனுக்குள் போய்விட்டிருந்தது. சார் எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, “எதுக்கும் இன்னொருக்க அளந்துருதேன்” என்று டேப்பை இழுத்தார். பின்னால் நகர்ந்து நகர்ந்து போனார். டேப்பின் பூட்டு விட்டது. சிஸ்டர் கையிலிருந்து நழுவிய நுனி சர்ரென்று பறந்து போய், சாரின் குல்லாவைத் தட்டி, துணி நனைத்திருந்த வாளிக்குள் சரியாகத் தள்ளியது. மொட்டைத் தலையோடு நின்ற சார், முகம் மாறாமல், “மறுபடியும் அளக்கணும்” என்றார்.

சிஸ்டர் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முன்னால் குனிந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. சார் சட்டென்று கேமராவைத் தூக்கினார். க்ளிக். ஒன்றுதான், ஆனால் எடுத்துவிட்டார். பிறகு, வந்த இன்ஃபினிட்டியை விடுவானேன் என்று மீதி ஃபிலிமில் பெரும்பகுதியை அந்த நீலக் கட்டடங்களுக்கே செலவழித்தார்.

கட்டியை நல்லபடியாக எடுத்தார்கள். நரம்பு கொஞ்சம் இழுபட்டது. சனிக்கிழமை பகலில் ரசம் சாதம் எடுத்துக்கொண்டு போனேன். காதுக்குக் கீழே பெரிய பிளாஸ்டர், சீவாத தலை. என்னைப் பார்த்துச் சிஸ்டர் சிரித்தபோது வாயின் ஒரு பக்கம் மட்டும் எழுந்தது, மற்றது சொன்னபடி கேட்கவில்லை. சார் ஸ்டூலில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மடியில் கேமரா.

“டேப் எங்க சார்?”

“வீட்ல மறந்துட்டேன் தம்பி,” என்றார். சட்டையை மறந்தாலும் டேப்பை மறக்காத மனிதர்.

பிடித்த கையை அவர் விடவில்லை. மற்ற கையால் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். வளையத்தைத் திருகக் கை இல்லை. அதை முன்பே கிட்டத்துக் கோடிக்குத் திருகி வைத்திருந்தார். அதனால் உடம்பையே முன்னால் சாய்த்தார், கொஞ்சம் பின்னால் வந்தார், மறுபடி சாய்ந்தார், கட்டத்துக்குள் இரண்டு சிஸ்டரும் ஒரு சிஸ்டராகும் வரைக்கும். சிஸ்டர் மோவாயைத் தூக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

சில வாரங்கள் கழித்துப் படங்கள் வந்த அன்று என்னையும் கூப்பிட்டார்கள். சாப்பாட்டு மேஜையில் இரண்டு படம் கிடந்தது. மொட்டை மாடிப் படத்தில், பின்னால் கொடியில் இருந்த ஒரு மர க்ளிப் அதன் ரேகைகளோடு தெளிவாக இருந்தது. சிஸ்டர் குனிந்து சிரித்ததில் ஃபோகஸை விட்டு முன்னால் வந்துவிட்டார். பச்சையாக ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். சார் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஒன் சிரிப்ப விட்டுட்டேன் பிலோ. எல்லாம் பாத்தேன், எல்லாம் சரியா இருந்துச்சு. கடைசில விட்டுட்டேன்.”

சிஸ்டர் மற்ற படத்தை எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். ஆஸ்பத்திரிப் படம். இமை முடி தெரிந்தது, உதட்டு வெடிப்பு தெரிந்தது, ஒரு பக்கமாக ஏறி நின்றுபோன சிரிப்பு தெரிந்தது. ரொம்ப நேரம் பார்த்தார்.

“இத மாட்டுங்க,” என்றார்.

“அதுல வாய் கோணலா இருக்கேட்டீ.”

“இருக்கட்டும். நீங்க எடுத்ததுல நான் எங்க பாக்கேன்னு தெரியுத படம் இது ஒண்ணுதான். மத்ததுல எல்லாம் நீங்க டேப்பப் பாத்திய, நானும் டேப்பப் பாத்தேன். இதுல ஒங்களைல்லா பாத்துக்கிட்டு இருக்கேன்.”

சார் எழுந்து உள்ளே போனார், மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கையில் சுத்தியலும் ஆணியும், கூடவே டேப்பும். சுவரின் நடுப்புள்ளி எது என்று அளக்க ஆரம்பித்தார். இந்த ஓரத்திலிருந்து அளந்தார், அந்த ஓரத்திலிருந்து அளந்தார், இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று மறுபடி அளந்தார். டேப்பின் மறுநுனியை என்னைப் பிடிக்கச் சொன்னார். எனக்கு ஆபீஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பிடித்துக்கொண்டு நின்றேன். அளக்கட்டும், நல்ல மனுஷர், நூறு வயசு வரைக்கும் இப்படியே அளந்துகொண்டிருக்கட்டும் என்று தோன்றியது.